கடல் கடந்த பொருள்கள் – 11: பூண் கட்டியவரும் ஓடு இழைத்தவரும்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிரின்சன்ஹாஃப் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள, நாட்டிலஸ் என்ற கடல் பிராணியின் ஓட்டாலான கிண்ணம் ஒன்றுக்கு வெள்ளிப் பூண் கட்டியவர் அதே ஊர்ப் பொற்கொல்லர் நிக்கொலாஸ் டி கிரெபர். கட்டிய ஆண்டு 1592. அமெரிக்காவின் டொலிடோ நகரக் கலை அருங்காட்சியகத்திலும் இதே இனத்துக் கிண்ணம் ஒன்று உண்டு. அது உட்ரெக்ட் நகரத்து யான் யாகப்ஸ் வான் ராயஸ்டைன் 1596இல் செய்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகளை வைத்துப் பார்க்க வேண்டும். கொர்னேலிஸ் டி ஹவுட்மன் தலைமையில் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போன முதல் டச்சுக் கப்பல்கள் 1595இல் புறப்பட்டு 1597 ஆகஸ்டில்தான் ஊர் திரும்பின. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது 1602இல். ஆக, டச்சுக் கடலோடிகளின் வெற்றிச் சின்னங்களாகப் பலரும் எண்ணும் இந்தக் கிண்ணங்களில் முந்தியவை, டச்சுக் கப்பல் எதுவும் கிழக்கிலிருந்து திரும்புவதற்கு முன்பே செய்யப்பட்டுவிட்டன. ஓடுகள் ஐபீரியத் துறைமுகங்கள் வழியாக, பெரும்பாலும் லிஸ்பன் வழியாக, பல கைகள் மாறி டெல்ஃப்டுக்கும் உட்ரெக்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கைகளில் எத்தனை வெறுமனே சரக்கை வாங்கி விற்ற கைகள், எத்தனை உளியும் அரமும் பிடித்த கைகள் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. அருங்காட்சியகக் குறிப்புகளில் பொற்கொல்லரின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், ஆண்டும் இருக்கும். ஓட்டுக்கு வந்தால், கடல் தந்த இயற்கைப் பொருள் என்பதோடு கதை முடிந்துவிடும். அப்படி முடிப்பது சரியல்ல. பொற்கொல்லரின் மேசைக்கு ஓடு வந்து சேரும்போதே அது பாதி செய்து முடித்த கைவினைப் பொருளாக இருந்தது. பல சமயம் முழுதாகவே செய்து முடித்ததாகவும் இருந்தது.

முதலில் பிராணியைப் பற்றிக் கொஞ்சம். நாட்டிலஸ் பார்வைக்குச் சங்கைப்போலச் சுருண்டிருந்தாலும் சங்கின் இனம் அல்ல, கணவாயின் உறவு. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பிஜி, ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுகள் என இந்திய–பசிபிக் வட்டாரத்தில் வாழ்கிறது. பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் கிடந்து, இரவில் இரை தேடி மேலே ஏறும். ஓட்டின் உட்புறம் தடுப்புச் சுவர்களால் பிரிந்த அறைகளாக இருக்கும். வளர்ந்த பிராணியில் ஏறக்குறைய 30 அறைகள். கடைசி அறையில்தான் பிராணி வசிக்கிறது. மற்றவற்றில் இருப்பது பெரும்பாலும் வாயு. அதனால் பிராணி செத்த பிறகு ஓடு மிதக்கிறது. நீரோட்டத்தில் நெடுந்தூரம் போய், பிராணி வாழாத கரைகளில்கூட ஒதுங்குகிறது. இப்படி ஒதுங்கும் ஓட்டை எடுத்துப் பார்ப்பவருக்கு ஐரோப்பிய ஓவியங்களில் மின்னும் அந்த முத்து வெளிச்சம் தெரியாது. வெளிப்புறம் பால் வெள்ளை, அதன்மேல் செம்பழுப்புப் பட்டைகள். தொட்டால் பீங்கான் போன்ற ஒரு மேல்பூச்சு. முத்தொளி அதற்கு அடியில் மறைந்திருக்கிறது. வியன்னாவிலும் டிரெஸ்டனிலும் லண்டனிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் பார்க்கும் கிண்ணங்களில் பெரும்பாலானவை மேல்தோல் உரித்தவை. ஆகவே, இயற்கையின் அழகு என்று நாம் நின்று வியக்கும் அந்தப் பளபளப்பே ஒரு கைவேலையின் விளைவு.

இந்த ஓடுகளுக்கு ஐரோப்பாவில் இருந்த மதிப்பை விளக்க ஒரே ஒரு பொருள் போதும். லண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘பர்லி நெஃப்’ என்ற உப்புக் கலம் இருக்கிறது. பாரிஸில் 1527–28இல் செய்யப்பட்டது. கடற்கன்னி ஒருத்தி தன் முதுகில் ஒரு கப்பலைத் தாங்குகிறாள். கப்பலின் உடல் நாட்டிலஸ் ஓடு. பாய்மரம், விரித்த பாய்கள், பீரங்கிகள், கயிறேறும் மாலுமிகள் எல்லாம் வெள்ளி, ஆங்காங்கே பொன்முலாம். நடுப் பாய்மரத்தின் அடியில் இரண்டு குட்டி உருவங்கள் சதுரங்கப் பலகையை நடுவில் வைத்துக் கைகோத்து உட்கார்ந்திருக்கின்றன. அவர்கள் காதல் காவிய நாயகர்களான டிரிஸ்டனும் இசோல்டேயும். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு உப்பு வைக்க இடம் பின்னணியத்தில் ஒரு சின்னக் குழிக்கிண்ணம்தான். ஒரு பிடி உப்புக்கு மேல் கொள்ளாது. பயன்பாட்டுக்காக இவை செய்யப்பட்டனவா என்று கேட்பவர்களுக்கு அந்தக் குழியே பதில். போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511இல். அதற்குப் பதினாறு, பதினேழு ஆண்டுகளுக்குள் ஓர் ஓடு பாரிஸ் தட்டாரிடம் கப்பலாகிவிட்டது.

அடுத்த இரண்டு தலைமுறைகளில் இளவரசர்களின் அரும்பொருள் அறைகள் பெருகின. டிரெஸ்டனில் சாக்சனியின் ஆட்சியாளர் அவுகுஸ்ட் 1560இல் ஒன்றைத் தொடங்கினார். ஆஸ்திரிய இளவரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் அம்ப்ராஸ் கோட்டையில் ஒன்று வைத்திருந்தார். பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் பிராகில் எல்லோரையும் மிஞ்சினார். இப்படிப்பட்ட அறைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று சாமுவேல் குவிக்கெபெர்க் என்பவர் 1565இல் மியூனிக்கில் ஒரு நூலே வெளியிட்டார். இந்த அறைகளின் ஒழுங்கில் இயற்கை படைத்தவை ஒரு பக்கம், மனிதக் கலை படைத்தவை இன்னொரு பக்கம். பூண் கட்டிய ஓடு இந்த இரண்டையும் ஒரே பொருளில் சேர்த்துக் காட்டியது, அதனால்தான் அதன்மேல் அவ்வளவு மோகம் என்று கலை வரலாற்று நூல்கள் சொல்லும். ஓடு இயற்கை, வெள்ளி கலை. இயற்கை கிழக்கிலிருந்து வந்தது, கலை மேற்கில் சேர்ந்தது. கேட்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வருவதும் அந்தக் கச்சிதத்தால்தான்.

அறையின் உரிமையாளர் அப்படி நினைத்தார் என்பதை நான் மறுக்கவில்லை. அவர் நினைத்தது உண்மையா என்பது வேறு கேள்வி. அதற்குச் சாட்சி இந்தோனேசியாவின் அம்பொன் தீவில் இருக்கிறது. கேயார்க் எபர்ஹார்ட் ரும்ஃபியஸ், 1627இல் ஜெர்மனியில் பிறந்து, டச்சுக் கம்பெனிச் சேவையில் சேர்ந்து, கிராம்பு விளையும் அம்பொனில் வாழ்நாளைக் கழித்தவர். 1670இல் பார்வை போனது. 1674 நிலநடுக்கத்தில் மனைவியும் மகளும் மாண்டார்கள். 1687இல் தீப்பிடித்து ஓவியங்கள் எரிந்தன. இத்தனைக்குப் பிறகும் பிறர் கண்களையும் கைகளையும் துணைகொண்டு எழுதி முடித்தார். 1702இல் அவர் இறந்தார். ‘அம்பொன் அரும்பொருள் அறை’ 1705இல்தான் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. அதில் நாட்டிலஸ் ஓட்டைக் கிண்ணமாக்கும் முறையை ஒரு சமையல் குறிப்பைப்போல எழுதி வைத்திருக்கிறார். ஓட்டையில்லாத, வழுவழுப்பான, பெரிய ஓடாகப் பார்த்து எடுக்க வேண்டும். புளித்துக் கெட்ட சோறு, வினிகர், திராட்சை இலை அழுகிய நீர் இப்படி ஏதாவது ஒரு புளிப்பில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊறப்போட வேண்டும். பிறகு மேல்தோல் போகும்வரை தேய்க்க வேண்டும். தடித்த இடங்களில் நீர்த்த அமிலம் தடவி, எங்கும் முத்தொளி தெரியும்வரை விடாமல் பார்க்க வேண்டும். கடைசியாகச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். அதன்பின் உள்தடுப்புகளை வெட்டி எடுத்து, பின்பக்கத்து நாலைந்து அறைகளை மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, உட்சுருளில் திறந்த தலைக்கவசம் போன்ற வடிவத்தை அறுத்தெடுக்க வேண்டும். புறத்தில் உருவங்களைக் கீறி, கரித்தூளை மெழுகிலோ எண்ணெயிலோ குழைத்துக் கோடுகளில் தேய்த்தால் அவை கருப்பாக எடுத்துக்காட்டும்.

இந்தக் குறிப்பை வேகமாகப் படித்துத் தாண்டிவிடக் கூடாது. ஓட்டின் வெளித்தோல், உள்ளிருக்கும் முத்துப்படலம் இரண்டுமே அடிப்படையில் ஒரே சுண்ணாம்புப் பொருள். புளிப்பு இரண்டையும் கரைக்கும். முத்துப்படலம் மட்டும் மைக்ரானை விட மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. தகடுகளுக்கு நடுவே உயிர்ப்பொருள் பசைபோல இருக்கிறது. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுச் சிதறுவதால்தான் நிறங்கள் விளையாடுகின்றன. ஊறல் குறைந்தால் பழுப்புப் பட்டை போகாது. கூடினால் தகடுகள் அரித்து, ஓடு சுண்ணாம்பு பூசிய சுவரைப்போல மங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பதை அளந்து சொல்லும் கருவி அன்று கிடையாது. கைப்பழக்கம்தான் சொன்னது. கெட்ட சோறு என்ற பொருள் நமக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அது ஜெர்மனியின் நூரம்பெர்க் பொற்கொல்லர் பட்டறையில் இருந்திருக்கக்கூடிய பொருள் அல்ல. இந்த வேலைமுறை அரிசி உண்ணும் நாட்டில், வீட்டு முற்றத்துப் பானைகளில் உருவானது. உள்தடுப்பை அறுப்பதும் சாதாரணக் காரியமல்ல. சுவர் மெலிது, வளைவு. அரம் ஒரு தடவை வழுக்கினால் பத்து நாள் உழைப்பு விரிசலோடு போகும். கோயிலில் வெள்ளிப் பூண் கட்டிய சங்கைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: பூணின் அழகு சங்கு கீறலில்லாமல் கிடைப்பதைப் பொறுத்தது.

தோல் உரிப்பதோடு நின்றிருந்தால்கூட, அதெல்லாம் மூலப்பொருளைப் பதப்படுத்துவது, கலை அல்ல என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஓடுகளில் கணிசமானவை சீனத்திலேயே சித்திரம் செதுக்கப்பட்டவை. ஃபுளோரன்ஸ் பிட்டி அரண்மனையில், மெடிச்சி குடும்பத்துச் சேகரிப்பிலிருந்து வந்த கூஜா ஒன்று இருக்கிறது. அதன் உடல் சீனச் செதுக்கல் உள்ள நாட்டிலஸ் ஓடுகள். பூண் ஃபிளாண்டர்ஸ் வேலை. இதைப்போன்றவை ஜெர்மன், டச்சுப் பூண்களிலும் கிடைக்கின்றன. ஓட்டின்மேல் டிராகன்கள், பூங்கொடிகள், மண்டபங்கள், மனித உருவங்கள் மெல்லிய புடைப்பாகவும் கோடாகவும் ஓடும். அதைச் சுற்றி வெள்ளியில் திரிட்டன்களும் கடற்கன்னிகளும் நெப்டியூனும் காவல் நிற்கும். போர்த்துக்கீசியர் 1557இல் மக்காவோவில் நிலைகொண்டார்கள். குவாங்சோவின் கைவினைத் தெருக்கள் அங்கிருந்து எட்டும் தூரம். மக்காவோ, மலாக்கா, கோவா, லிஸ்பன் என்ற பாதை அதன்பின் திறந்தே இருந்தது. டச்சுக்காரர் வருவதற்கு முன்பே ஓடுகள் டெல்ஃப்டில் கிடைத்ததன் புதிர் இந்தப் பாதையை வைத்துப் பார்த்தால் விடுபடுகிறது.

ஓட்டில் குடிக்கலாம், அதற்கு உலோக விளிம்பு கட்டலாம் என்ற எண்ணமும் ஐரோப்பாவின் தனிச்சொத்து அல்ல. சீனத்தில் நாஞ்சிங் நகரையொட்டிய சியாங்ஷானில், கிழக்கு ஜின் வம்சக் காலத்து வாங் குடும்பக் கல்லறை ஒன்றை அகழ்ந்தபோது நாட்டிலஸ் ஓட்டுக் கிண்ணம் கிடைத்தது. விளிம்பில் பொன்முலாம் பூசிய வெண்கலப் பட்டை, இருபுறமும் காது. காலம் 4ஆம் நூற்றாண்டு. பர்லி நெஃபுக்கு ஏறத்தாழ 1200 ஆண்டுகள் மூத்தது. டாங் காலத்துக் கவிஞர் லி பாய் தம் கவிதையில் கிளிக் கிண்ணத்தைப் பாடும்போது சொல்வது இந்த வகையைத்தான். சீனருக்கு நாட்டிலஸ் கிளிச்சிப்பி. இதைப் பார்த்து ஐரோப்பியர் காப்பியடித்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் இல்லை. குழிவான எந்தப் பொருளும் பார்ப்பவருக்குக் கிண்ணமாகத்தான் தோன்றும். ஐரோப்பியர் அதற்கு முன்பே தேங்காய்ச் சிரட்டைக்கும் தீக்கோழி முட்டைக்கும் பூண் கட்டியவர்கள். சொல்ல வருவது வேறு. ஓடு கப்பலேறிய கரைகளில் அதைக் கிண்ணமாக்கும் மரபு ஏற்கெனவே இருந்தது. கரையில் பொறுக்கி அப்படியே மூட்டை கட்டிய சரக்காக எல்லா ஓட்டையும் எண்ணிக்கொள்ள முடியாது.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் தெளிவானது. குஜராத்தில் 16ஆம் நூற்றாண்டில் முத்துச்சிப்பி வேலை உச்சத்தில் இருந்தது. பெரிய கடல் நத்தைகளின் ஓட்டை அறுத்து, மீன் செதில்போலத் துண்டுகளாக்கி, பித்தளை ஆணி அடித்துப் பொருத்திப் பெட்டிகள், தாம்பாளங்கள், கூஜாக்கள் செய்தார்கள். இவை போர்த்துக்கீசியர் வழியே ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போயின. பாரிஸ் லூவரில் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் சிப்பி வேலை முழுவதும் குஜராத்துடையது. 1532–33இல் பியேர் மாங்கோ என்ற அரசவைப் பொற்கொல்லர் அதற்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிச் சட்டமும் மணிகளும் சேர்த்தார். இன்று அது பியேர் மாங்கோவின் பெட்டி. செய்து முடித்த பெட்டிக்குச் சட்டை போட்டுவிட்டவருடைய பெயர் பெட்டிக்கே பெயராகிவிட்டது. டிரெஸ்டனிலும் இதே கதை: குஜராத்துத் தாம்பாளங்களும் கூஜாக்களும் லைப்சிக்கின் எலியாஸ் கையர், நூரம்பெர்க்கின் நிக்கொலாஸ் ஷ்மிட் போன்றவர்களின் பூணோடு நிற்கின்றன. இங்கே ‘இயற்கைப் பொருள்’ என்ற சாக்குக்கே இடமில்லை. ஓட்டை அறுத்து ஆணியடித்துக் கோத்ததைக் கடல் செய்யவில்லை. நாட்டிலஸுக்கு நேர்ந்தது குஜராத்துப் பெட்டிக்கும் நேர்ந்திருக்கிறது என்றால், காரணம் பொருளின் தன்மையில் இல்லை, பார்த்தவர்களின் வழக்கத்தில் இருக்கிறது.

இனி மறுப்புகள். எல்லா ஓடும் ஆசியாவில் செதுக்கப்பட்டதா என்பது முதலாவது. இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமிலேயே அபாரமான செதுக்குக் கலைஞர்கள் இருந்தார்கள். பெல்லெக்கின் குடும்பத்தினர் துப்பாக்கிக் கட்டைகளில் முத்துச்சிப்பி பதிக்கும் வேலையிலிருந்து ஓடு செதுக்குவதற்கு வந்தவர்கள். அவர்களில் கொர்னேலிஸ் பெல்லெக்கின் செதுக்கிய பூச்சிகளும் செடிகொடிகளும் மதுக் களியாட்டங்களும் ஐரோப்பா முழுக்கப் பேர்பெற்றவை. ஆனால் கவனியுங்கள், கொர்னேலிஸ் தம் வேலையில் கையொப்பம் போட்டார். ஓட்டின் செதுக்கல் கலை என்பதையும் செதுக்கியவருக்குப் பெயர் உண்டு என்பதையும் ஆம்ஸ்டர்டாம் ஒப்புக்கொண்டது. அதே வேலையைக் குவாங்சோவில் ஒருவர் செய்தால் அது இயற்கையின் பக்கம் சேர்ந்துவிட, ஆம்ஸ்டர்டாமில் செய்தால் கலையின் பக்கம் சேர்ந்துவிடும் என்பது எப்படி? இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்குகிறது.

இரண்டாவது, பொற்கொல்லரின் வேலைதான் பெரியது, விலையும் புகழும் அதற்குத்தானே போக வேண்டும் என்பது. வேலை பெரியதுதான். நூரம்பெர்க்கின் வென்ட்சல் யாம்னிட்சர் 1570ஐ ஒட்டிச் செய்த, இன்று மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் உள்ள அலங்காரக் கூஜாவைப் பார்த்தவர் யாரும் அதைக் குறைத்துப் பேசமாட்டார். கடல் நத்தை ஓடுகளைப் பெண்ணுருவும் பறவையும் நத்தையும் தாங்க, வெள்ளி ஓட்டிலிருந்து முளைத்ததா ஓடு வெள்ளியிலிருந்து முளைத்ததா என்று மயங்க வைப்பவர் அவர். நாட்டிலஸ் பூணில் இருக்கும் நுட்பமும் தனி. ஓட்டில் துளை போட்டால் விரியும் என்பதால், வாய்விளிம்புக்கு ஒரு பட்டை, அடிக்கு ஒரு தண்டு, இரண்டையும் இணைக்கக் கீல் வைத்த மூன்று நாலு வார்ப்பட்டைகள் என்று கூண்டுபோலக் கட்டி ஓட்டை உள்ளே நிறுத்துவார்கள். ஆணியைக் கழற்றினால் எல்லாம் பிரிந்து வந்துவிடும். இந்தத் திறமைக்கு உரிய புகழைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அந்தத் திறமை மட்டுமல்ல. காரணம் முத்திரை. வெள்ளியில் செம்பு கலந்து ஏமாற்றலாம். அதனால் ஒவ்வொரு நகரமும் வெள்ளியை உரைத்துப் பார்த்துத் தன் அடையாளத்தைக் குத்தியது. நூரம்பெர்க்குக்கு ஓர் எழுத்து, ஆக்ஸ்பூர்க்குக்குப் பைன் காய். கூடவே செய்த மாஸ்டரின் முத்திரையும் விழுந்தது, தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய. டச்சு நகரங்களில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்தது. இது கலைஞனுக்குச் செய்த மரியாதை அல்ல, மாற்றுக் குறையாமல் காக்கும் ஏற்பாடு. ஓட்டில் கலப்படம் செய்ய முடியாது. அதனால் அதை யாரும் உரைக்கவும் இல்லை, முத்திரை குத்தவும் இல்லை. நானூறு ஆண்டு கழித்து வந்த கலை வரலாற்றாசிரியர், முத்திரை இருக்கும் பக்கத்தைப் படைப்பு என்றும் இல்லாத பக்கத்தைப் பொருள் என்றும் எழுதிக்கொண்டார். கலப்படத் தடுப்பு விதி ஒன்று கலை வரலாற்றின் இலக்கணமாகிவிட்டது.

மூன்றாவது மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது, அதுதான் கடினமானது. கழற்றி மாட்டக்கூடிய பூண் என்றால் ஓட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாமே? வெள்ளியில் 1592 என்று இருப்பதால் உள்ளே இருக்கும் ஓடும் 1592ஐச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? சரியான கேள்வி. உடைந்த ஓட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்த கிண்ணங்கள் உண்டு. இதைவிட மோசமானது 19ஆம் நூற்றாண்டின் போலிகள். ஆஹன் நகரப் பொற்கொல்லர் ரைன்ஹோல்ட் வாஸ்டர்ஸ் விட்டுச்சென்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட வரைபடங்கள் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றை ஆராய்ந்தபோது, மறுமலர்ச்சிக் காலப் பொக்கிஷங்கள் என்று பெரிய அருங்காட்சியகங்கள் பெருமையோடு வைத்திருந்த பலவற்றுக்கும் அவரே தகப்பன் என்று தெரிந்தது. ஆகவே ஒரு தனிக் கிண்ணத்தை மட்டும் வைத்து ஓட்டின் காலத்தைக் கணிப்பது ஆபத்து. ஆனால் என் வாதம் அதைச் சார்ந்து நிற்கவில்லை. ஓடு மாறியிருந்தாலும் பூண் மாறவில்லை. அந்தப் பூண் நாட்டிலஸின் வளைவை அளந்து செய்தது. 1592இல் அந்தப் பட்டறையில் ஒரு நாட்டிலஸ் இருந்தே தீர வேண்டும். ஓடு பதப்படுத்தும் முறைக்கோ பூண் எதுவும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, ரும்ஃபியஸின் நூல் இருக்கிறது. சீனச் செதுக்கல் ஒரே ஒரு பொருளில் இல்லாமல், வெவ்வேறு நகரப் பூண்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அத்தனையையும் பிற்கால மாற்றம் என்று தள்ள வழியில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் குரலும் உண்டு: அன்றைய ஐரோப்பியருக்கு ஆசியாவின் வேலைப்பாடு புரியவில்லை, புரியாததற்காக அவர்களைக் குறை சொல்வானேன் என்று. புரிந்தது என்பதற்குச் சீனப் பீங்கான் சாட்சி. பர்லி நெஃப் பெயர் பெற்ற அதே பர்லி மாளிகையிலிருந்து வந்த மிங் காலப் பீங்கான் பாத்திரங்கள், 1585ஐ ஒட்டிப் பொன்முலாம் பூசிய ஆங்கிலேய வெள்ளிப் பூண் கட்டியவை, இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. பூண் கட்டும் முறை நாட்டிலஸுக்குச் செய்ததேதான்: விளிம்புப் பட்டை, வார்ப்பட்டை, அடித்தண்டு. ஆனால் பீங்கானை இயற்கைப் பொருள் என்று எந்தப் பட்டியலும் எழுதவில்லை. சீனரின் கலை என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். டச்சு ஓவியர் வில்லம் கால்ஃப் 1662இல் தீட்டிய, மாட்ரிட் தைசன் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில் இரண்டும் ஒரே மேசையில் இருக்கின்றன. புடைப்புருவங்கள் ஒட்டிய சீனப் பீங்கான் கிண்ணம், பக்கத்தில் இருட்டிலிருந்து எழும் நாட்டிலஸ். கால்ஃப் இரண்டையும் ஒரே அக்கறையோடு, ஓட்டின் விளிம்பில் ஒளி ஊடுருவிச் சிவப்பதுவரை, வரைந்திருக்கிறார். பீங்கானுக்குக் கிடைத்த நீதி ஓட்டுக்குக் கிடைக்காததற்குக் காரணம் ஒன்றுதான்: மண் தானாகக் கிண்ணமாகாது என்று எல்லோருக்கும் தெரியும், ஓடு தானாகவே மின்னும் என்று எல்லோரும் நம்பினார்கள். வேலை எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவுக்கு வேலை செய்த தடயம் தெரியாமல் போகும் தொழில் இது.

கம்பெனிக் கணக்கிலும் இந்த ஓடுகள் பெரிய சரக்கு அல்ல. 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த பிறகு டச்சுக்காரர் மன்னார் வளைகுடாச் சங்கைக் கணக்கெழுதி எடுத்து, வளையலுக்காக வங்காளத்துக்கு விற்றார்கள். மாலத்தீவுச் சோழியை மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். அது ஐரோப்பா வழியே மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் மனிதரை விலைக்கு வாங்கும் காசாயிற்று. வருமானம் தந்த ஓடுகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது. அலங்கார ஓட்டுக்கு அதுகூட இல்லாததால், அதை இழைத்த அம்பொன்காரரையும் குவாங்சோக்காரரையும் எந்தப் பேரேட்டிலும் தேடிப் பிடிக்க முடியாது. பெயர் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். வேலையே நடக்கவில்லை என்பதுபோல எழுதுவதைத்தான் ஏற்க முடியாது. செய்தவர் பெயர் தெரியாத சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை யாரும் தாதுப் பொருள் என்று பட்டியலிடுவதில்லை.

செய்ய வேண்டியது மிகச் சிறியது. கிண்ணத்தின் குறிப்பில் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி: ஓட்டின் வேலை எங்கே, பூணின் வேலை எங்கே. சில அருங்காட்சியகங்கள் சீனச் செதுக்கல் தெளிவாகத் தெரியும் ஓடுகளுக்கு இப்போது அப்படி எழுதத் தொடங்கியிருக்கின்றன. செதுக்கலில்லாமல், தோல் மட்டும் உரித்து மெருகேற்றிய ஓடுகளுக்கு இன்னும் எழுதுவதில்லை. ரும்ஃபியஸின் பத்துப் பன்னிரண்டு நாள் ஊறல் அவற்றுக்கும் பொருந்தும். மாங்கோவின் பெயரால் வழங்கும் குஜராத்துப் பெட்டியை அடுத்த இதழில் திறந்து பார்ப்போம்.

(தொடரும்)